கலவோடுகளில் எஞ்சிய மொழி
மியோ நகர அருங்காட்சியகத்துக் கோலிய உரோமானியச் சான்றுகள்

முன்னுரை

வழக்கொழிந்த மொழியொன்றினை அறியப் புகுவார்க்குக் கிடைக்கும் சான்றுகள் மூவகைப்படும். ஏடுகளில் எழுதிக் காக்கப்பெற்ற இலக்கியம் ஒன்று. கல்லிலும் உலோகத்திலும் மண்ணிலும் பொறிக்கப்பெற்ற எழுத்துகள் மற்றொன்று. அம்மொழியினின்றும் பிறமொழிகள் ஏற்றுக்கொண்ட சொற்கள் மூன்றாவது. இவற்றுள் முதலாவது சான்று அறவே இல்லாத மொழிகளுள் ஒன்று, பண்டு இன்றைய பிரான்சு நாட்டுப் பகுதியில் வழங்கிய கோலிய மொழி. கெல்தியக் குடும்பத்தைச் சார்ந்த அம்மொழியைப் பேசியோர் கல்வியில்லாதவர் அல்லர். அவர்தம் குருமாராகிய துரூயிதரிடம் மாணாக்கர் சிலர் இருபது ஆண்டுகள் வரையும் தங்கிப் பாட்டுகளை மனப்பாடம் செய்தனர் எனச் சீசர் தம் கோல் நாட்டுப் போர் நூலின் 6ஆம் பகுதியில் குறிக்கின்றார். அக்கல்வியை எழுத்தில் வடித்தல் தகாது எனத் துரூயிதர் கருதினர் என்றும், ஏனைய அலுவல்களுக்குக் கிரேக்க எழுத்தை ஆண்டனர் என்றும் அவரே கூறுகின்றார்.

இதன் விளைவு யாது? வாய்மொழியாகக் காத்த கல்வி, அதனைக் காத்த வாய்கள் ஒடுங்கியதும் உடன் ஒடுங்கிற்று. உயர்ந்ததென்று கருதி எழுதாது விட்டவை மறைந்தன. எளியவை என்று கருதி எழுதிவைத்த கணக்குகள் நின்றன. அவ்வாறு நின்ற சான்றுகளுள் தலைசிறந்த தொகுதியொன்று தென் பிரான்சில், அவெய்ரோன் மாவட்டத்தைச் சார்ந்த மியோ என்னும் சிறு நகரின் அருங்காட்சியகத்தோடு தொடர்புடையது. தலைநகரத்துப் பெருங்காட்சியகங்களின் பெயர் கேட்ட அளவிற்கு இத்தகைய ஊர்க் காட்சியகங்களின் பெயர் நம்மவர்க்குக் கேள்விப்பட்டதன்று. ஆயினும் மொழியாராய்ச்சி செய்வார்க்கு ஈண்டுக் கற்கக் கிடப்பது மிகுதி. அதனை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் தொழிலும்

தார்ன், தூர்பி என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் மியோ நகரம் உள்ளது. நகரத்தின் எதிர்க்கரையில் கூடலை ஒட்டிய சமவெளிக்கு லா கிரோபெசாங்க் என்று இன்று பெயர். உரோமர் காலத்தில் அவ்விடம் கொண்டாத்தோமாகுஸ் என்று வழங்கிற்று. உரோமப் பேரரசின் பெருவழிகளைக் காட்டும் பொயித்திங்கர் வரைபடத்தில் அப்பெயர் இடம்பெற்றுள்ளது. 'கொண்டாதே' என்பது ஆறுகள் கூடுமிடத்தையும், 'மாகோஸ்' என்பது வெளியையும் அவ்வெளியிற் கூடும் சந்தையையும் குறிக்கும் கோலியச் சொற்கள். ஆகவே 'கூடற்சந்தை' என்பது அவ்வூர்ப்பெயரின் பொருளாகும். ஆண்டு வாழ்ந்த குடியினர் உருத்தேனியர் எனப்பட்டனர்.

கோல் நாடு முழுவதும் கி. மு. 1ஆம் நூற்றாண்டின் இடையில் உரோமர் ஆட்சிக்கு உட்பட்டது. அதன்பின் இரண்டு தலைமுறை கழிவதற்குள், கி. பி. 1ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இக்கூடற்சந்தையில் செம்மட்கலத் தொழில் வேரூன்றியது. 'தெரா சிகில்லாட்டா' என்று ஆராய்ச்சியாளர் வழங்கும் அக்கலங்கள் பவழம் போன்று சிவந்து பளபளப்பவை. 'சிகில்லும்' என்னும் இலத்தீன் சொல் முத்திரையையும் சிற்றுருவையும் குறிக்கும். முத்திரை பதித்தும் உருவம் அமைத்தும் செய்யப்பெற்றமையின் கலங்களுக்கு அப்பெயர் பொருந்துவதாயிற்று.

இக்கலத்தொழில் முதற்கண் இத்தாலியில், குறிப்பாக அரெத்சோ நகரில் சிறப்புற்றிருந்தது. நம் நாட்டில் அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு வீலர் அகழ்ந்தபோது கிடைத்த முத்திரையிட்ட சிவப்புக் கலவோடுகள் இந்த இத்தாலிய வகையைச் சார்ந்தவையே. அவற்றின் காலம் ஐரோப்பிய ஆராய்ச்சியால் முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தமையால், அரிக்கமேட்டு மண்ணடுக்குகளின் காலத்தை வீலர் கணிக்க அவை துணைநின்றன. அவ்வூரின் தொடக்கம் வீலர் கருதியதனினும் முற்பட்டது என்று 1989 முதல் 1992 வரை நடைபெற்ற அகழ்வுகள் காட்டின. எனினும், எழுத்தும் முத்திரையும் உடைய ஓர் ஓடு கடல்கடந்த நாட்டின் காலக்கணக்கிற்கும் அளவுகோலாகும் என்னும் உண்மை அதனால் மாறுபடவில்லை.

இத்தாலியில் தோன்றிய இத்தொழிலை ஏற்ற கொண்டாத்தோமாகுஸ் வேட்கோவர், சில பத்தாண்டுகளிலேயே தம் ஆசிரியரை விஞ்சினர். அவர்தம் கலங்கள் பிரித்தானியத் தீவிலும் இரைன் ஆற்றங்கரைப் படைவீடுகளிலும் நடுநிலக் கடற்கரை நகரங்களிலும் கிடைத்துள்ளன. கி. பி. 79இல் வெசுவியஸ் எரிமலையால் புதையுண்ட பொம்பெயி நகரில், 1881ஆம் ஆண்டு பெட்டியொன்று கண்டெடுக்கப்பட்டது. பிரிக்கப்பெறாமலே கிடந்த அப்பெட்டியில் உருவம் அமைந்த 90 கிண்ணங்களும் பல விளக்குகளும் இருந்தன. கிண்ணங்கள் தென்கோல் நாட்டவை. வென்ற நாட்டின் சந்தைக்கே வெல்லப்பட்ட நாட்டின் கலங்கள் விலைப்பொருளாய்ச் சென்றன என்பது இதனாற் போதரும்.

கலம் வனைந்த முறை

கலங்களின் வனப்பிற்குக் காரணம் அவற்றின் மேற்பூச்சே. சுண்ணச்சத்துக் குறைந்த நுண்ணிய களிமண்ணை நீரிற் கரைத்துத் தெளியவைத்து, அக்குழம்பில் உலர்ந்த கலத்தைத் தோய்த்தெடுப்பர். சூளையில் ஏறத்தாழ 1,000 பாகை வெப்பத்தை எய்தும்போது அப்பூச்சு உருகி இறுகிக் கண்ணாடி போன்ற படலமாகும். கலத்தின்மேற் புகை படியின் நிறம் கெடும். ஆதலின் தீயும் புகையும் கலங்களைத் தீண்டாதவாறு சுடுமண் குழாய்களின் வழியே மேலே செலுத்தி, குழாய்களின் வெம்மையால் மட்டும் கலங்களை வேகவைத்தனர். மஞ்சள் நிறத்தில் செவ்வரி ஓடிய பளிங்கு போன்ற ஒருவகைக் கலமும் இவ்வூரின் தனிச்சிறப்பாகும்.

உருவம் அமைந்த கிண்ணங்களை அச்சில் வார்த்தனர். சிற்றுருவங்கள் செதுக்கிய முனைகளை ஈரமான அச்சின் உட்புறத்தில் அழுத்திக் குழிவாக்குவர். அச்சைச் சுட்டபின், அதனைச் சக்கரத்தில் வைத்து உள்ளே களிமண்ணை அழுத்திச் சுழற்றுவர். மண் உலருங்கால் சுருங்கி அச்சினின்றும் தானே விடுபடும். பின்னர் அடிவளையத்தைச் சேர்ப்பர். ஒரே அச்சிலிருந்து பல கிண்ணங்கள் பிறந்தமையால், இரு வேறு நாடுகளிற் கிடைக்கும் ஓடுகளை ஒப்பிட்டு அவை ஒரு பட்டறையின என்று துணிதல் இயல்கின்றது. கலவடிவங்களை 1895ஆம் ஆண்டு செருமானிய அறிஞர் திராகெண்டோர்ப் எண்ணிட்டு வகுத்தார். அவர் இட்ட எண்களே இன்றும் வழங்குகின்றன. '29ஆம் வடிவம்', '37ஆம் வடிவம்' என்றால் தொல்பொருளறிஞர் எந்நாட்டவரும் அறிவர்.

சூளைக் கணக்குகள்

கலங்களினும் சிறந்தவையாக மொழியாராய்ச்சியாளர் போற்றுவன, இவ்வூரிற் கிடைத்த கணக்கோடுகள். ஈரம் புலராத தட்டின்மேல் கூரிய கருவியால் இலத்தீன் விரைவெழுத்தில் கணக்கை எழுதி, அத்தட்டினையும் ஏனைய கலங்களோடு சூளையில் இட்டுச் சுட்டனர். இத்தகைய ஓடுகள் நூற்றுக்கு மேற்பட்டுக் கிடைத்துள்ளன. பாதிரியார் எர்மே இவற்றைப் பற்றி 1923ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். 1934ஆம் ஆண்டில் இவ்வூர்க் கலங்களைப் பற்றி விரிவான மற்றொரு நூலும் இயற்றினார். 1988ஆம் ஆண்டில் இராபர்த்து மரிசால் அதுகாறும் கிடைத்தவற்றைத் தொகுத்துத் திருத்தமான பதிப்பினை வழங்கினார்.

கணக்கின் அமைப்பு எளியது. தலைப்பில் எத்தனையாவது சூளையேற்றம் என்பது குறிக்கப்பெறும். அதன்கீழ் வேட்கோவர் பெயர், கலத்தின் பெயர், அதன் அளவு, எண்ணிக்கை என்பன வரிசையாக நிற்கும். ஒரு சூளையேற்றத்தின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 30,000 கலங்கள் வரையும் செல்லுதலுண்டு. இத்துணைக் கலங்களை ஒரு சூளை கொள்ளுமோ என்று ஐயுற்றோரும் இருந்தனர். 1979ஆம் ஆண்டு ஆலன் வெர்னே என்பாரின் அகழ்வில் மிகப்பெரிய சூளையொன்று வெளிப்பட்டபோது அவ்வையம் நீங்கிற்று. எழுத்துச் சான்று முன்னே கூறியதனை மண்ணிற் புதைந்த கட்டடம் பின்னே மெய்ப்பித்தது.

ஒரே சூளையிற் பலருடைய கலங்கள் ஏற்றப்பட்டமையின், இறக்கும்போது பிணக்கு நேராமற் காத்தற்கு இக்கணக்குகள் வேண்டப்பட்டன. பல பட்டறையினர்க்குப் பொதுவான சூளைகள் இருந்தன என்பதும், ஏற்றியவற்றை எண்ணிப் பதிவதற்கு எழுத்தறிந்தோர் இருந்தனர் என்பதும் இவற்றால் உய்த்துணரப்படும்.

எண்ணுப்பெயர்கள் காட்டும் உறவு

கணக்கோடுகளின் தலைப்புகளில் 'துத்தோஸ்', 'லுக்ஸ்தோஸ்' என்னும் இரு சொற்கள் பயில்கின்றன. இவை இலத்தீன் அல்ல. இவற்றின் பொருளைக் கண்ட முறை அறியத்தக்கது. சில ஓடுகளின் தலைப்பு இலத்தீனிலேயே 'ஏற்றப்பெற்ற சூளை' என்று பொருள்படும் தொடரைக் கொண்டுள்ளது. ஒரே இடத்தில், ஒரே வகைக் கணக்கில், இலத்தீன் தொடர் நிற்குமிடத்தே கோலியத் தொடர் நிற்பின் இரண்டும் ஒருபொருளன எனக் கொள்ளுதல் முறையன்றோ? பழைய ஐரிஷ் மொழியில் 'லுக்த்' என்னும் சொல் சுமையைக் குறித்தலும் இம்முடிபிற்கு அரணாகின்றது.

துத்தோஸ் என்பதனை அடுத்து வரிசைப் பெயர்கள் வருகின்றன. ஒன்றுமுதற் பத்துவரையுள்ள கோலிய வரிசைப் பெயர்கள் முழுமையாக அறியப்பட்டது இவ்வோடுகளால்தான். 'கிந்துக்ஸ்' முதலாவது, 'அல்லோஸ்' இரண்டாவது, 'திரிதோஸ்' மூன்றாவது, 'பெதுவார்' நான்காவது, 'பின்பெதோஸ்' ஐந்தாவது, 'சுவெக்ஸோஸ்' ஆறாவது, 'செக்ஸ்தமேதோஸ்' ஏழாவது, 'ஒக்ஸ்துமேதோஸ்' எட்டாவது, 'நமேதோஸ்' ஒன்பதாவது, 'தெகமேதோஸ்' பத்தாவது.

இவற்றுள் ஐந்தாவதைக் குறிக்கும் சொல்லை நோக்குக. இலத்தீனில் அது 'குவிந்துஸ்' எனக் குகரத்தில் தொடங்கும். கோலியத்தில் அவ்விடத்தே பகரம் நிற்கின்றது. இன்றும் பேசப்பெறும் வேல்ஸ் மொழியில் ஐந்தாவது என்பதற்குரிய 'பிமெத்' என்பதும் பகரத்தையே முதலாகக் கொண்டது. ஐரிஷ் மொழியிலோ ககரம் நிற்கும். ஆகவே கோலியமும் வேல்ஸும் இந்த ஒலிமாற்றத்தில் ஒத்தும், ஐரிஷ் வேறுபட்டும் நிற்றல் தெளிவாகின்றது. உயர்ந்த காவியம் ஒன்று கிடைத்திருப்பினும் பத்து வரிசைப் பெயர்களையும் இவ்வாறு முறைப்பட ஓரிடத்தே தந்திருக்குமோ என்பது ஐயமே. சூளையை எண்ணிய எழுத்தரின் கணக்கு, மொழிநூலார்க்கு வாய்ப்பாடாக அமைந்தது.

இரு மொழி, இரு முகம்

இவ்வேட்கோவர் தம் கலங்களின் அடியில் இட்ட முத்திரைகளுக்கும், சூளைக் கணக்குகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. முத்திரைகளில் 'காஸ்துஸின் பட்டறை' என்பது போல இலத்தீன் பெயரும் இலத்தீன் வேற்றுமையுருபும் காணப்பெறும். அதே பெயர்கள் கணக்கோடுகளில் 'காஸ்தோஸ்', 'மசுவேதோஸ்' எனக் கோலிய ஈற்றோடு வருகின்றன. 'உஸ்' என முடியும் இலத்தீன் பெயர் 'ஓஸ்' என முடியும் கோலியப் பெயராகின்றது. முத்திரை கடல்கடந்து செல்வது, வாங்குவோர் கண்ணிற்படுவது. கணக்கோடு சூளையடியிற் கிடப்பது. உடனுழைப்போர் மட்டும் படிப்பது. சந்தைக்கு இலத்தீன் முகத்தையும், தொழிற்களத்திற்குத் தாய்மொழி முகத்தையும் இம்மக்கள் காட்டினர் எனலாம்.

இக்கணக்குகள் மரபான சொல்லமைப்பு உடையனவாதலின், இவற்றைக் கொண்டு கோலியம் அக்காலத்துப் பேச்சுமொழியாய் இருந்ததெனத் துணிதல் கூடாது என்று ஒருசாரார் கூறுதல் கூடும். தலைப்புச் சொற்கள் மட்டும் கோலியமாக இருந்திருப்பின் அக்கூற்று வலியுடையதே. ஆனால் பெயர்களை இணைத்தற்குத் தமிழின் 'உம்' போன்று 'துகி' என்னும் இடைச்சொல்லும் வருகின்றது என்பர். இடைச்சொற்கள் எளிதில் மொழிவிட்டு மொழி தாவுவன அல்ல. அன்றியும், கடன்வாங்கிய சொற்களின் ஒலி கோலிய வாய்க்கேற்பத் திரிந்துள்ளது. கிரேக்கத்திற் பிறந்து இலத்தீன் வழியாக வந்த 'பரொப்சிதெஸ்' என்னும் வட்டிற்பெயர் ஈண்டுப் 'பரக்ஸிதி' என நிற்கின்றது. பகரமும் சகரமும் அடுத்து வருமிடத்தில் பகரம் ககரம் போன்ற ஒலியாகத் திரிதல் கோலியத்தின் இயல்பு. வடசொற்கள் தமிழில் வருங்கால் தமிழ் எழுத்தோடு புணர்ந்து வரவேண்டும் எனத் தொல்காப்பியர் எச்சவியலில் விதித்தமையை அறிந்த நமக்கு, வேற்றுச் சொல் தன் ஒலியைத் துறந்து புகுந்த மொழியின் ஒலியை ஏற்றல் எத்தகையது என விளக்கவேண்டுவதில்லை. உயிரோடிருக்கும் மொழியே வருவாரைத் தன் நெறிக்கு இயைவிக்கும். அவ்வாற்றல் கி. பி. 1ஆம் நூற்றாண்டில் கோலியத்திற்கு இருந்தது என்பதே நாம் கொள்ளும் முடிபு.

ஓர் எச்சரிக்கை

கணக்கோடுகளிற் கலம் ஒன்றினைக் குறிக்கப் 'பன்னா' என்னும் சொல் வருகின்றது. தமிழ் பயின்றார் எவர்க்கும் 'பானை' என்னும் சொல் உடனே நினைவுக்கு வரும். ஒலியும் ஒத்துளது, பொருளும் ஒத்துளது. எனினும் இவ்வொப்புமை ஒன்றே பற்றி இரு மொழிக்கும் உறவு கற்பித்தல் ஆராய்ச்சி நெறியாகாது. உறவு என்பது ஒரு சொல்லின் ஒப்புமையால் நிறுவப்படுவதன்று. பல சொற்களில் ஒரே வகையான ஒலியியைபு தொடர்ந்து காணப்படுதலால் நிறுவப்படுவது.

இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டும் மியோ அருங்காட்சியகத்திலேயே உண்டு. 1983ஆம் ஆண்டு, அந்நகரை அடுத்த லார்சாக் மேட்டுநிலத்திலுள்ள லோஸ்பித்தாலெ என்னும் ஊரின் பழைய இடுகாட்டில், கல்லறையொன்றினின்றும் எழுத்துப் பொறித்த ஈயத்தகடு இரு துண்டுகளாகக் கிடைத்தது. ஏறத்தாழக் கி. பி. 100ஐ ஒட்டிய அத்தகடு, இதுவரை அறியப்பட்ட கோலியப் பொறிப்புகளுள் மிக நீண்டவற்றுள் ஒன்று. பெண்டிர் சிலரின் மந்திரவினையைக் குறித்த அதன்கண் அவர்தம் பெயர்கள் 'இன்னாளின் தாய்', 'இன்னாளின் மகள்' என்னும் முறைமையால் அடுக்கப்பட்டுள்ளன. தாயைக் குறிக்கும் 'மாதிர்' என்னும் சொல் இலத்தீனை ஒத்தது. மகளைக் குறிக்கும் 'துக்திர்' என்னும் சொல்லோ இலத்தீனில் இல்லை. வடமொழியின் 'துஹித்ரு' என்பதனோடு ஒலிமுறை பிறழாது பொருந்துகின்றது. இடைப்பட்ட கிரேக்கம், செருமானியம் முதலிய மொழிகளும் இச்சொல்லின் உறவுகளைக் கொண்டுள்ளன. 'துக்திர்' காட்டுவது மரபுறவு; 'பன்னா' காட்டுவது தற்செயலான ஒப்புமை. இவ்விரண்டையும் பிரித்தறிதலே ஒப்பியல் மொழிநூலின் முதற்பாடம்.

ஊர்க் காட்சியகத்தின் பணி

மியோ நகரின் அருங்காட்சியகம் பெகெய்ரோல் மாளிகை என்னும் 18ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தில் அமைந்துள்ளது. அவ்வட்டாரத்துத் தொல்லுயிர்ப் படிவங்களும், அந்நகர்க்குப் பிற்காலத்தில் புகழீட்டிய தோற்கையுறைத் தொழிலின் கருவிகளும் செம்மட்கலங்களோடு ஒரே கூரையின்கீழ் உள்ளன. அகழ்ந்த நிலமும் அண்மையிலேயே உளதாதலின், சூளையைக் கண்டவர் கலத்தையும், கலத்தைக் கண்டவர் அச்சையும் கணக்கையும் ஒருங்கே காணும் வாய்ப்பு உண்டு.

இவ்வொருமை சிறிதன்று. பழங்காலத்தில் அகழ்வு என்பது அழகிய பொருள் தேடுதலாக இருந்தது. உருவம் அமைந்த முழுக்கிண்ணம் மதிக்கப்பட்டது. வெந்து கோணிய கலமும் உடைந்த தட்டும் கழிவெனக் கருதப்பட்டன. கழிவுகளோவெனின், இவ்வூரிலேயே செய்யப்பட்டன என்பதற்கு ஐயமற்ற சான்றாவன. நல்ல கலம் விற்பனைக்குச் சென்றுவிடும். கெட்ட கலமே பிறந்த இடத்திற் கிடக்கும். கணக்கெழுதிய தட்டும் ஏற்றிய கலங்களை இறக்கியபின் பயனற்றுக் கழிக்கப்பட்டதே. பயனற்றதெனப் பண்டையோர் எறிந்ததனைப் பயனற்றதென அகழ்வோரும் எறிந்திருப்பின், கோலிய எண்ணுப்பெயர்கள் இன்று நமக்குக் கிட்டியிரா.

இவ்வுண்மை தமிழாராய்ச்சிக்கும் அணுக்கமானது. அரிக்கமேடு, உறையூர், கொடுமணல், கீழடி முதலிய இடங்களில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. செங்கடற்கரையில் எகிப்து நாட்டுக் குசைர் அல்காதிம் என்னுமிடத்தும் தமிழ்ப் பெயர் பொறித்த ஓடுகள் கிடைத்துள்ளன. இவற்றுட் பல ஓரிரு சொற்களே கொண்டவை, பெரும்பாலும் ஆட்பெயர்கள். நமக்குச் சங்க இலக்கியம் உளதாதலின் இவ்வோடுகளின் துணையின்றியும் பழந்தமிழை அறிதல் இயலும். ஆயினும் புலவர் பாடாத மக்கள், தாம் உண்ட கலத்தில் தாமே எழுதிய பெயர்கள் இவை. இலக்கியம் தாராத செய்தியை இவை தரும். கலத்தின் வடிவும் மண்ணடுக்கும் கிடைத்த இடமும் பதிவுசெய்யப்பெறாது ஓடு மட்டும் பிரிந்து செல்லுமாயின், எழுத்து எஞ்சினும் அதன் பொருளிற் பாதி போயிற்று என்க.

முடிவுரை

கொண்டாத்தோமாகுஸின் தொழில் கி. பி. 2ஆம் நூற்றாண்டில் தளர்ந்தது. லெசூ முதலிய நடுக்கோல் நாட்டு ஊர்களின் பட்டறைகள் சந்தையைக் கைக்கொண்டன. கோலிய மொழி அதன்பின்னும் சில நூற்றாண்டுகள் நாட்டுப்புறங்களில் நின்று, பின்னர் இலத்தீனுக்கு இடந்தந்து மறைந்தது. ஒக்கு மரத்தைக் குறிக்கும் 'சேன்', வானம்பாடியைக் குறிக்கும் 'அலுவெத்' முதலிய சில சொற்களை மட்டும் பிரெஞ்சு மொழிக்கு வைத்துச் சென்றது.

ஒரு மொழி பேரரசின் ஆணையால் மட்டும் மறைவதில்லை. அதனைப் பேசுவோர் விலைப்பொருளின்மேல் எம்மொழியை எழுதுகின்றனர், பிள்ளைக்கு எம்மொழியிற் பெயரிடுகின்றனர், கல்வியை எம்மொழியில் எழுதிவைக்கின்றனர் என்பனவற்றாலேயே அதன் வாழ்வு முடிவாகின்றது. கொண்டாத்தோமாகுஸ் வேட்கோவர் தம் மொழியைச் சூளையடியில் மட்டும் எழுதினர். அச்சூளையடியிலேயே அது நமக்குக் கிடைக்கின்றது. ஊர்தோறும் மண்ணுள் உறங்கும் ஓடுகளைக் கிடைத்த இடத்தின் செய்தியோடு காத்து வைக்கும் சிறு காட்சியகங்கள், பெருங்காட்சியகங்களுக்கு இளைத்தவை அல்ல என்பதற்கு மியோ நகரம் சான்றாகும். நம் நாட்டு ஊர்களின் ஓடுகளை ஆராய முற்படும் இளம் ஆய்வாளர், அழகிய கலத்தை நோக்கும் அதே கண்ணால் உடைந்த ஓட்டினையும் நோக்குவாராக.